நகரத்து மாடி வீடுகளின் ரகசியம்

(தேனியில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய இலக்கியக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நகரத்து அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்போரின் அந்தரங்க வாழ்க்கையைச் சொல்லும் சிறுகதைகளைப் பற்றி இன்று பேசப் போகிறோம். இந்தத் தலைப்பை அறிவித்ததும் கூட்டத்தின் பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்ததை நாம் கவனித்தோம். "மாடி வீட்டுக்காரன் கதை நமக்கு எதுக்கு?" என்பதுதான் அது.

நியாயமான கேள்வி. விடியுமுன் எழுந்து, தூக்குச்சட்டியில் சோற்றை அடைத்துக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிற தாய் கேட்க வேண்டிய கேள்விதான். அரை நைட் ஷிப்டு முடித்து, தலையிலும் புருவத்திலும் பஞ்சுத்தூசியோடு வீடு திரும்புகிற தொழிலாளி கேட்க வேண்டிய கேள்விதான். நமக்குக் குடியிருக்க ஒரு நல்ல அறை இல்லை. மாடியில் இருப்பவன் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்தால் நமக்கென்ன?

இதற்கு நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் பதிலை முதலிலேயே சொல்லிவிட்டால் கதை கேட்கும் சுவை போய்விடும். கதைகளைச் சொல்லுகிறோம். பதில் எது என்பதை இறுதியில் நீங்களே தீர்மானியுங்கள்.

ஆலையும் வீடும்

முதலில் ஒரு விஷயம். பலர் ஒரே கட்டடத்தில் அடுக்கடுக்காய்க் குடியிருக்கும் வழக்கத்தைப் பணக்காரர்கள் தொடங்கி வைத்ததாக நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டில் அதற்கு வழிகாட்டியவன் ஆலைத் தொழிலாளி.

1854-ல் பம்பாயில் முதல் பருத்தி ஆலைக்கான கம்பெனி ஏற்பட்டது. அதற்குப்பின் ஆலைகள் பெருகின. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் நிலமிழந்த விவசாயிகள் வந்து குவிந்தார்கள். அவர்களை எங்கே படுக்கவைப்பது? 'சால்' என்று மராத்தியில் சொல்லும் கட்டடங்கள் எழுந்தன. நீண்ட தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாய் ஒற்றை அறைகள், தளத்துக்குப் பொதுவான தண்ணீர்க் குழாய், பொதுவான கக்கூஸ். 1920களில் பம்பாய் அபிவிருத்தி இலாகா வொர்லி, நாய்காம் முதலிய இடங்களில் கட்டிய சால்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த அறை 160 சதுர அடி. பத்தடி அகலம், பதினாறடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மலைத்தோட்டத்து லயன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாய்த் தோன்றாது. லயன் வீட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள், அதுதான் சால்.

அந்தச் சாலில் ரகசியம் என்று ஒன்று இருக்க முடியுமா? அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்பது வாசனையில் தெரியும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதும் தெரியும். மராத்தியின் புகழ்பெற்ற நகைச்சுவை எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டே 1958-ல் 'படாட்யாச்சி சாள்' என்றொரு நூல் வெளியிட்டார். உருளைக்கிழங்குச் சால் என்று அதற்குப் பொருள். ஒரு சாலில் குடியிருக்கும் மனிதர்களைப் பற்றிய வேடிக்கைச் சித்திரங்கள். இதையே பின்னால் அவர் தனி ஒருவராக மேடையில் நடித்துக் காட்டினார். மகாராஷ்டிர ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தங்கள் தாழ்வாரத்தையே மேடையில் கண்டதால் வந்த சிரிப்பு அது.

பிற்பாடு நடந்ததை ஆலைத் தொழிலாளர்களாகிய உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1982 ஜனவரியில் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது ஓராண்டைத் தாண்டி நீடித்தது. ஏராளமானோர் மீண்டும் ஆலைக்குள் காலெடுத்து வைக்கவே இல்லை. ஆலைகள் மூடின, ஆலை இருந்த நிலம் தங்கமாயிற்று. இன்று அந்த நிலங்களில் கண்ணாடி பதித்த அடுக்குமாடிகள் வானத்தைத் தொட நிற்கின்றன. ஃபீனிக்ஸ் ஆலை இருந்த இடத்தில் பெரிய கடைவளாகம் நடக்கிறது. தாழ்வாரம் போயிற்று, பூட்டிய கதவு வந்தது. எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்த நகரத்தில், அடுத்த கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தெரியாத வாழ்க்கை வந்தது.

ஒரு கட்டடம், பதினோரு கதைகள்

ரோஹின்டன் மிஸ்திரி என்றொரு எழுத்தாளர். 1952-ல் பம்பாயில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். 1975-ல் கனடா நாட்டுக்குக் குடிபெயர்ந்து, டொரான்டோ நகரில் ஒரு பாங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதத் தொடங்கியவர். 1987-ல் அவருடைய முதல் புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது. பெயர் 'ஃபிரோஸ்ஷா பாக் கதைகள்'. ஃபிரோஸ்ஷா பாக் என்பது பம்பாயில் பார்சிகள் குடியிருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஆசிரியர் கற்பனையில் எழுப்பியது. அதில் ஏ, பி, சி என்று மூன்று கட்டடங்கள்.

மொத்தம் பதினோரு கதைகள். ஒவ்வொன்றையும் தனியாகப் படிக்கலாம். ஆனால் ஒரு கதையில் நாயகனாய் வந்தவர் அடுத்த கதையில் மாடிப்படியில் இறங்கிப் போகிறார். இங்கே சண்டை போட்டவள் அங்கே ஆறுதல் சொல்ல வருகிறாள். நமக்குத் தெரிந்த உதாரணம் சொல்லுவதானால் தெருக் குழாயடியைச் சொல்லலாம். குழாயடியில் ஒரு வாரம் நின்றால் ஒவ்வொரு வீட்டின் கதையும் துண்டு துண்டாய் வந்து சேரும்; எல்லாம் சேர்ந்தால் தெருவின் கதையாகிவிடும். அந்த முறையில் கட்டிய புத்தகம் இது.

கதவுக்குப் பின்னால் என்ன ரகசியம்? சினிமாவில் காட்டுவதுபோல் கள்ளக்கடத்தலா, கொலையா? இல்லை தோழர்களே. ஒரு கதையைக் கேளுங்கள்.

மோடி என்றொரு மாட்டு வைத்தியர் அங்கே குடியிருக்கிறார். அவருடைய மகன் அடங்காப்பிள்ளை. மகனிடம் காட்ட முடியாத பிரியத்தையெல்லாம் அடுத்த வீட்டுப் பையன் ஒருவனிடம் காட்டுகிறார். இருவரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து தபால்தலை சேகரிக்கிறார்கள். ஒருநாள் விலைமதிப்புள்ள ஒரு தபால்தலை காணாமல் போகிறது. பழி பையன்மேல் விழுகிறது. நட்பு கெடுகிறது. பல காலம் கழித்து, வைத்தியர் இறந்தபிறகு, அவர் மனைவி அந்தப் பையனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுகிறாள். தபால்தலையை அழித்தவள் அவளே. தன் மகனுக்குக் கிடைக்காத பாசம் அயலான் மகனுக்குப் போகிறதே என்ற ஆற்றாமையில் செய்துவிட்டாள். செய்ததைச் சொல்ல வாய் வரவில்லை. இத்தனை காலம் ஒரு மனுஷி நெஞ்சில் தூக்கிச் சுமந்த ரகசியம் இவ்வளவுதான்.

இன்னொரு கதை. ஓர் இளம் தம்பதி. வருமானம் போதவில்லை. இருக்கிற வீட்டிலேயே ஓர் அறையை வயதான ஒரு தம்பதிக்கு வாடகைக்கு விடுகிறார்கள். குழந்தை பிறக்கப் போகிறது. அறையைத் திருப்பிக் கேட்கிறார்கள். போவதற்கு வேறு இடமில்லாத கிழவர்கள் எங்கே போவார்கள்? ஒரே கூரைக்குள் மாதக்கணக்கில் ஒரு யுத்தம் நடக்கிறது. குப்பையை அள்ளி வராந்தாவில் கொட்டுவது வரைக்கும் போகிறது. படிக்கும்போது முதலில் சிரிப்பு வரும். முடிவில் நெஞ்சு நடுங்கும். வீடு கிடைக்காத நகரம் நல்ல மனிதர்களை எப்படி ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு பொருளாதாரப் புத்தகமும் சொல்லிவிட முடியாது.

பார்த்தீர்களா? மாடி வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது பணத்தட்டுப்பாடு, இடத்தட்டுப்பாடு, தனிமை. நாம் குடிசை வாசலில் உட்கார்ந்து சத்தமாய்ப் பேசுவதை அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாய் அழுகிறார்கள்.

ரகசியம் யாருக்குத் தெரியும்?

இனி, நம் வர்க்கத்துக்கு வருவோம். பூட்டிய வீட்டின் ரகசியம் யாருக்குத் தெரியும்? வீட்டுக்காரனுக்குத் தெரியும். அப்புறம், பாத்திரம் கழுவுகிறவளுக்குத் தெரியும். வாசலில் காவல் இருக்கிற வாட்ச்மேனுக்குத் தெரியும். குப்பை எடுக்கிறவருக்குத் தெரியும். மிஸ்திரியின் பெருமை இதுதான்: அவர்களையும் தம் புத்தகத்துக்குள் குடிவைத்தார்.

ஒரு கதையைச் சொல்லுபவளே வேலைக்காரிதான். கோவாவிலிருந்து சிறுமியாய் வந்தவள். அந்தக் கட்டடத்திலேயே கிழவியாகிறாள். அவள் பெயர் ஜாக்குலின். எஜமானர்கள் வாயில் அது நுழையாமல் 'ஜாக்காய்லீ' ஆயிற்று. காலம் போகப் போக அவளுக்கே தன் சொந்தப் பெயர் மறந்து, அவர்கள் வைத்த பெயரே வாயில் வருகிறது. ஆயுள் முழுதும் அரைத்து வைத்த மசாலா அவளுடையது. பெயரைக்கூட எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள்! கட்டடத்தில் பேய் கண்டதாக அவள் சொன்னபோது எல்லாரும் கேலி செய்தார்கள். பின்னொரு நாள், வெள்ளைப் போர்வை போர்த்தி இருட்டில் நின்ற அவளையே பேய் என்று எண்ணி எஜமானியம்மா அலறுகிறாள். அன்றிலிருந்து எஜமானியம்மாளுக்கும் பேயில் நம்பிக்கை வந்துவிட்டது. உண்மை தெரிந்தவள் வேலைக்காரி ஒருத்தியே. அவள் வாயைத் திறக்கவில்லை. வாய் திறந்தால் யார் காது கொடுத்துக் கேட்டார்கள், இன்றைக்குக் கேட்பதற்கு?

இது ஏதோ பம்பாய் விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். வீட்டு வேலை செய்வோருக்கும் மற்றத் தொழிலாளருக்குள்ள உரிமைகள் உண்டு என்று 2011-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றிற்று. இந்திய சர்க்கார் இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. வீட்டு வேலைக்காரர்களுக்குத் தனி லிஃப்ட் வைத்திருக்கும் அடுக்குமாடிகள் நம் நகரங்களில் இருக்கின்றன. அவர்கள் சமைத்ததைச் சாப்பிடலாம். அவர்களோடு நின்று மேலே போகக் கூடாது!

மற்றொரு கதையில் பிரான்சிஸ் என்றொருவன் வருகிறான். எதிரே இருந்த மரச்சாமான் கடையில் வேலை பார்த்தவன். வேலை போய்விட்டது. கடை வாசலிலேயே படுத்துக்கொண்டு, குடியிருப்பில் கூப்பிட்டவர்களுக்குச் சில்லறை வேலை செய்து, சில்லறைக் காசு வாங்கிப் பிழைக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓர் அம்மாள் வெளியே போய்த் திரும்பும்போது அவன் அவள் வீட்டுக்குள்ளிருந்து ஓடுகிறான். கூச்சல் எழுகிறது. கெர்சி என்ற பையன் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு துரத்துகிறான். தெருவில் பிடித்துவிடுகிறார்கள். யார் என்ன என்று கேளாமல் கூட்டம் அடித்து நொறுக்குகிறது. திருட்டுப்போனது எவ்வளவு? எண்பது ரூபாய்! அவனை அந்த எண்பது ரூபாய்க்குக் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பையன் கெர்சிக்கு அன்றைக்கு உடம்பே கூசிப்போகிறது. ஆசையாய் வைத்திருந்த மட்டையைத் தன் கையாலேயே முறித்துப் போடுகிறான்.

இந்தப் பையனை மறந்துவிடாதீர்கள். இறுதியில் மறுபடியும் வருவான்.

சென்னை வீட்டில் ஒரு ரகசியம்

தமிழில் இப்படி எழுதியவர் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார். 1931-ல் செகந்தராபாத்தில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2017-ல் மறைந்த அசோகமித்திரன். சென்னையின் ஒண்டிக்குடித்தனக்காரர்களை அவரைப்போல் அறிந்தவர் குறைவு. அவருடைய 'தண்ணீர்' என்னும் நாவல் 1973-ல் நூலாக வந்தது. தண்ணீர்ப் பஞ்சத்தில் தவிக்கும் ஒரு சென்னைத் தெரு. அதில் வாடகை அறையில் இருக்கும் ஜமுனா என்ற பெண். சினிமாவில் சேர்த்துவிடுகிறேன் என்று ஆசை காட்டி ஒருவன் அவளைக் கெடுக்கிறான். தங்கை வெறுத்துப் போய் வீட்டைவிட்டுப் போகிறாள். வீட்டுக்காரியம்மாள் ஏளனமாய்ப் பார்க்கிறாள். குழாயில் தண்ணீர் வற்றியதுபோல் வாழ்க்கையில் அன்பும் வற்றிப்போய், ஜமுனா உயிரை விடத் துணிகிறாள்.

அவளைத் திரும்ப வாழ்க்கைக்கு இழுத்து வந்தது எது தெரியுமா? பக்கத்தில் இருக்கும் டீச்சரம்மாள் ஒருத்தி உபதேசம் எதுவும் செய்யவில்லை. சிறு வயதில் தன்னைவிட மிக மூத்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, நோயாளிப் புருஷனையும் மாமியாரையும் சுமந்துகொண்டு தான் படும் பாட்டை எடுத்துச் சொல்லுகிறாள். ஒருவரிடமும் சொல்லாத தன் ரகசியத்தை அவிழ்த்து அவள் முன்னால் வைக்கிறாள். அவ்வளவுதான். ஜமுனா எழுந்திருக்கிறாள். தனக்கு மட்டும் நேர்ந்தது என்று எண்ணி அவள் செத்துக்கொண்டிருந்தாள். எதிரே இருப்பவளுக்கும் வாழ்க்கை இப்படித்தான் என்று தெரிந்ததும் உயிர் வந்தது. அதற்கப்புறம் அவள் தன் காரியத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் தெருவின் தண்ணீர்க் கஷ்டத்திலும் தோள் கொடுக்கிறாள்.

இந்த இடத்தைத்தான் நாம் உங்களுக்குக் காட்ட விரும்பினோம். மறைத்து வைத்தவரை அது ஒருத்தியின் வெட்கம். சொல்லிவிட்டால் அது இருவரின் நியாயம்.

ஒரு வரிக் கடிதம்

மிஸ்திரியின் கடைசிக் கதைக்கு வருவோம். கிரிக்கெட் மட்டையை முறித்துப் போட்ட பையன் கெர்சி வளர்ந்து, கடல் கடந்து, டொரான்டோவில் ஓர் அடுக்குமாடியில் தனி அறையில் இருக்கிறான். அங்கும் அதே கதை. லிஃப்டுக்கு எதிரே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் கவனிக்கும் ஒரு போர்ச்சுகீசிய மாது. பேச ஆள் கிடைக்காமல் கீழே உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர். கட்டடத்தைப் பராமரிக்கும் யூகோஸ்லாவியப் பெண் ஒருத்தி. எல்லாரும் எங்கிருந்தோ வந்து அங்கே அடைந்தவர்கள்.

இங்கே பம்பாயில் தாயும் தந்தையும் தபாலுக்குக் காத்திருக்கிறார்கள். மகன் எழுதும் கடிதமோ வெகு சுருக்கம். சுகமாயிருக்கிறேன், வேலை இருக்கிறது, குளிர் அதிகம். இந்த அளவில் முடிந்துவிடும். என்ன சாப்பிடுகிறான், யாரோடு பேசுகிறான், எதற்கு அழுகிறான், ஒன்றும் இராது. பிறகு ஒருநாள் ஒரு பார்சல் வருகிறது. பிரித்துப் பார்த்தால் கதைகள், மகன் எழுதியவை, பெரும்பாலும் ஃபிரோஸ்ஷா பாக்கைப் பற்றியவை. தாய் படித்துவிட்டுக் கலங்குகிறாள்: ஊரையே நினைத்து எழுதியிருக்கிறானே, அங்கே அவன் சந்தோஷமாய் இல்லையோ என்று. கடிதத்தில் சொல்ல முடியாததை மகன் கதையில் சொல்லிவிட்டான். நாம் இதுவரை படித்த கதைகள்தாம் அந்தப் பார்சல் என்பது அப்போதுதான் நமக்கும் விளங்குகிறது.

தோழர்களே, இதைப் படித்தபோது நமக்குக் கம்பம் பள்ளத்தாக்கு ஞாபகம் வந்தது.

முல்லைப் பெரியாறு அணை 1895-ல் முடிந்து தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீர் பாய்ந்து இந்தப் பள்ளத்தாக்கு பச்சை கட்டிக்கொண்டது. இருபோக நெல், வாழை, திராட்சை, தென்னை எல்லாம் விளைகின்றன. ஆனாலும் நிலமில்லாதவன் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பச்சையில் பங்கில்லை. அவன் பஸ் ஏறுகிறான். சென்னைக்கு, திருப்பூருக்கு, பெங்களூருக்கு. அங்கே கட்டட வேலை செய்கிறான், காவல் இருக்கிறான், உணவுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாய் ஏறி இறங்குகிறான். அடுக்குமாடியை எழுப்பியவன் நம் பிள்ளை. அதன் வாசலில் நிற்பவனும் நம் பிள்ளை.

சென்னையிலேயே நம் ஜனங்களுக்கு இன்னொரு விதமான அடுக்குமாடியும் உண்டு. 1970-ல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, கூவம் கரையிலும் கால்வாய்க் கரைகளிலும் இருந்த குடிசைக்காரர்களை நகரத்தின் தென்கோடிக்குக் கொண்டுபோய், கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று மாடி மாடியாய்க் குடியேற்றினார்கள். கூரை கிடைத்தது; வேலை செய்த இடம் தொலைதூரமாயிற்று. அந்தக் கதவுகளுக்குப் பின்னாலும் கதைகள் உண்டு.

சென்ற வருஷம் உத்தமபாளையத்துப் பக்கம் ஒரு தாயாரைச் சந்தித்தோம். மகன் சென்னையில் ஓர் அடுக்குமாடியில் வாட்ச்மேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். நாம் இருக்கும்போதே வந்தது.

"சாப்ட்டியாப்பா?"

"சாப்ட்டேம்மா. நல்லாருக்கேன். ஒனக்குக் கை வலி எப்படி இருக்கு?"

"அது என்னைக்கோ சரியாப் போச்சுய்யா. நீ ஒடம்பப் பாத்துக்க."

போனை வைத்தபிறகு அந்தத் தாய் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஏலத்தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்த கை. சரியாகவில்லை. பாதிக் கூலிக்கு இடது கையால் பழம் எடுக்கிறார். மகனிடம் சொல்லவில்லை. மகனோ படிக்கட்டுக்குக் கீழே, தண்ணீர் மோட்டார் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் படுக்கிறான். இரண்டு மாதமாய்ச் சம்பளம் முழுதாய் வரவில்லை. இது அவனோடு வேலை பார்த்துத் திரும்பிய ஊர்ப்பையன் சொல்லி நமக்குத் தெரியும். அவனும் தாயிடம் சொல்லவில்லை.

இருவரும் பொய்யர்களா? இல்லை. ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர். அந்த உயிர்தான் 'நல்லாருக்கேன்' என்ற ஒரு வார்த்தையாய் வந்து நடுவில் கதவைச் சாத்துகிறது. சம்பளத்தைப் பிடித்துக்கொண்டவனுக்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்? தாயின் கை ஒடிந்தது தோட்டத்துக்காரன் கணக்கில் வரவில்லை. மகனின் கூலி பாக்கி ஒருவர் காதிலும் விழவில்லை.

நம் ஊர்ப் பூட்டிய கதவுகள்

ரகசிய வாழ்க்கை நகரத்து மாடிக்கு மட்டும் சொந்தமா? சற்று யோசித்துப் பாருங்கள்.

கல்யாணத்துக்கு மொத்தமாய்ப் பணம் தருகிறோம் என்று சொல்லி, இளம் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் தமிழ்நாட்டில் பரவியிருந்ததை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள். அந்த விடுதி என்ன? அதுவும் ஓர் அடுக்குமாடிதான். வாசலில் பூட்டு. பார்க்க வரும் பெற்றோருக்குக் குறித்த நேரம். பார்க்க வந்த அம்மாவிடம் அந்தப் பெண் என்ன சொன்னாள்? 'நல்லாருக்கேம்மா.'

குழுக்கடன் வாங்கியிருக்கிற தாய்மார்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? கையைத் தூக்கச் சொல்லமாட்டோம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். அதை அடைக்க மூன்றாவது கடன். வாரத்தவணை வசூலிக்கிறவர் தெருமுனையில் வரும்போதே நெஞ்சு படபடக்கிறது. புருஷனுக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரியும் இதே படபடப்போடு இதே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் இருப்பது நாலு அங்குலச் சுவர். அந்தச் சுவர் எந்த முதலாளியும் செங்கல் வைத்துக் கட்டியது அல்ல. நம் வெட்கத்தால் நாமே எழுப்பியது. ஆனால் அதனால் லாபம் அடைகிறவன் அவன்.

இதோ, பின்வரிசைத் தோழரின் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்று நினைக்கிறோம். மாடி வீட்டுக் கதை நமக்கு எதற்கு? நாம் பொறாமைப்படும் மாடியிலும் மனிதன் எதை மறைக்கிறான் என்று தெரிந்துகொள்வதற்கு. மறைத்தவன் தனியாய்ச் சாகிறான், சொன்னவள் எழுந்து நிற்கிறாள் என்று அறிந்துகொள்வதற்கு. எண்பது ரூபாய்க்காக ஒருவனைத் துரத்துகிற கூட்டத்தில் நாமும் ஒருநாள் நின்றுவிடாமல் இருப்பதற்கு.

என்ன செய்யலாம்?

ரகசியமெல்லாம் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. மனிதனுக்கு ஒரு கதவு வேண்டும். உழைத்து வந்தவனுக்குச் சாத்திக்கொண்டு தூங்க ஓர் அறை வேண்டும். பெண்ணுக்குப் பயமின்றிக் குளிக்க ஒரு மறைவு வேண்டும். 160 சதுர அடியில் எட்டுப் பேரை அடைத்தது நியாயம் அல்ல. அந்தரங்கம் பணக்காரனுக்கு மட்டும் உரியது என்று யார் சொன்னது? அது நமக்கும் வேண்டும். கேட்டுப் பெற வேண்டும். ஆனால் கூலியையும் கடனையும் காயத்தையும் அந்தரங்கம் என்று எண்ணிக் கதவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். அவை உங்கள் சொந்த ரகசியங்கள் அல்ல. ஊரின் பொது விஷயங்கள்.

ஆகையால் நாம் வேண்டுவது இரண்டு காரியங்கள்.

ஒன்று, படியுங்கள். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மில் வாசலில், தோட்டத்து ஜீப் வரும்வரை காத்திருக்கிற நேரத்தில், அரைமணி நேரம் போதும். 'தண்ணீர்' சிறிய புத்தகம். ஒரு மாதத்தில் ஒரு தெரு முழுதும் கேட்டு முடித்துவிடலாம்.

இரண்டு, சொல்லுங்கள், முடிந்தவர்கள் எழுதுங்கள். இங்கே தேனி அல்லிநகரத்தில் வாழும் ம. காமுத்துரை 'மில்' என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார். நூற்பு இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டவர்தான் அதை எழுத முடியும். ஏலத்தோட்டத்து ஜீப்பில் பதினைந்து பெண்கள் போகிறார்கள் என்றால் அங்கே பதினைந்து கதைகள் போகின்றன. ஒன்றோடொன்று முடிச்சுப் போட்ட கதைகள். அவற்றை எழுத டொரான்டோவிலிருந்து ஒருவர் வரமாட்டார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இராத்திரி உங்களில் பலருக்குப் பிள்ளைகளிடமிருந்து போன் வரும். 'நல்லாருக்கேன்' என்பார்கள். அதோடு விடாதீர்கள். "எங்க படுக்குற? சம்பளம் முழுசா வந்துச்சா? யாரோட பேசுற?" என்று கேளுங்கள். உங்கள் கை வலியையும் சொல்லுங்கள். முதலில் இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் பேச்சு வராது. பொறுத்திருங்கள். அதற்கப்புறம் வரும் பேச்சு உங்கள் வீட்டோடு நிற்காது.